சாவி பத்திரமாகத்தான் இருந்தது

2025 பிப்ரவரி 21. துபாயில் தலைமையகம் வைத்திருக்கும் பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் அன்று வழக்கமான ஒரு வேலை. இணையத்தில் ஒட்டாமல் ஒதுக்கி வைத்திருக்கும் 'கோல்டு வாலட்'டிலிருந்து ஈதரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈதரைக் கொஞ்சம் எடுத்து, அன்றாடப் பட்டுவாடாவுக்கான வாலட்டுக்கு மாற்ற வேண்டும். ஒருவர் கையெழுத்து போதாது, பலர் போட வேண்டும். போட்டார்கள். கடைசிக் கையெழுத்து தலைமை நிர்வாகி பென் ஜோவுடையது. சற்று நேரத்தில் சுமார் 4 லட்சம் ஈதரும் அதைச் சார்ந்த டோக்கன்களும் வாலட்டை விட்டுப் போய்விட்டன. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 150 கோடி டாலர். ஐந்து நாள் கழித்து, இது வட கொரியாவின் கைவரிசை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

தொகையை விட என்னை அதிகம் உறுத்தியது வேறு விஷயம். ஒருவருடைய பிரைவேட் கீயும், அதாவது கையெழுத்துப் போடும் ரகசியச் சாவியும், அங்கே திருடு போகவில்லை. எல்லாச் சாவியும் ஹார்ட்வேர் வாலட் என்ற சிறு கருவிகளுக்குள் பத்திரமாகவே இருந்தன. கையெழுத்துப் போட்டவர்களும் உரியவர்கள்தான். தங்கள் கையாலேயே பொத்தானை அழுத்தினார்கள்.

"பிரைவேட் கீயை யாரிடமும் சொல்லாதே" என்ற ஒற்றை வரியோடு பாதுகாப்புப் பாடத்தை முடித்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய. அந்த வரியில் பிழையில்லை, பாதி விஷயம் அதில் இருக்கிறது. சாவி சும்மா இருக்கும்போது அதைக் காப்பது ஒரு வேலை. அதை எடுத்துக் கையெழுத்துப் போடும் அந்தச் சில நொடிகளில் காப்பது இன்னொரு வேலை. சமீப ஆண்டுகளின் பெருந்திருட்டுகளில் பல அந்த இரண்டாவது இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

முதலில் சாவி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது ஒரு எண், அவ்வளவுதான். 256 பிட் நீளம். பத்தடிமானத்தில் எழுதினால் 77, 78 இலக்கம் வரும். அந்த எண்ணிலிருந்து பொதுச்சாவியைக் கணக்கிடலாம், பொதுச்சாவியிலிருந்து உங்கள் முகவரி வரும். திரும்பிப் போக வழியில்லை. பரிவர்த்தனை ஒன்றை அனுப்பும்போது யாருக்கு, எவ்வளவு, எந்தச் செயின் (பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பேரேடு), எத்தனையாவது பரிவர்த்தனை என்ற விவரங்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, அதிலிருந்து ஹேஷ் என்ற 32 பைட் சுருக்க எண் ஒன்றை எடுப்பார்கள். அந்த ஹேஷையும் சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கையொப்பம் கிடைக்கும். இணையத்துக்குப் போவது விவரமும் கையொப்பமும்தான். சாவி நகர்வதே இல்லை. காகிதக் கையெழுத்தைப் போல ஒரு பத்திரத்திலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டவும் முடியாது. விவரத்தில் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

இந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு ஓட்டை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும். போட்டு முடித்ததும் அதை மறந்துவிட வேண்டும். அதே எண்ணை இரண்டாம் முறை பயன்படுத்தினால் என்ன ஆகும்? ஏழாம் வகுப்புக் கணக்காக்கிப் பார்க்கலாம். உண்மையில் இது பிரம்மாண்டமான பகா எண் ஒன்றால் வகுத்த மீதியில் நடக்கும் கணக்கு. அமைப்பு என்னவோ இதேதான்:

கையொப்பம் × ரகசிய எண் = செய்தி + (பொது எண் × சாவி)

பொது எண் என்பது ரகசிய எண்ணிலிருந்து பிறப்பது. ரகசிய எண் அதேதான் என்றால் இதுவும் மாறாது. அதனால் திருடன் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவான். இங்கே அது 2 என்று வைத்துக்கொள்வோம். முதல் செய்தி 10, அதன் கையொப்பம் 8. இரண்டாவது செய்தி 25, கையொப்பம் 11. இந்த ஐந்து எண்ணும் ஊரறிந்தவை. இரண்டு சமன்பாட்டையும் எழுதி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சாவி அடிபட்டுப்போகும்: 3 × ரகசிய எண் = 15. ஆக ரகசிய எண் 5. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் 40 = 10 + 2 × சாவி. சாவி 15. முடிந்தது கதை.

வேடிக்கைக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3-க்கான மென்பொருளில் கையொப்பமிடும்போது இந்த ரகசிய எண்ணை மாற்றாமலே வைத்திருந்தது. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் அதை மேடையிலேயே போட்டு உடைத்தார்கள். 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் ரேண்டம் எண் உருவாக்கத்தில் இருந்த குறையால் சில பிட்காயின் வாலட்டுகளில் இதே விபத்து நேர்ந்தது, பணமும் போனது. அதே ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 6979 என்ற வரையறை, ரகசிய எண்ணை அதிர்ஷ்டத்தை நம்பி எடுக்காமல் சாவியையும் செய்தியையும் வைத்தே கணக்கிடும் முறையைச் சொன்னது. நல்ல லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) பலவும் இன்று அதைத்தான் பின்பற்றுகின்றன. சொந்தமாகக் கையொப்ப நிரல் எழுதிப் பார்க்கும் ஆர்வம் யாருக்காவது வந்தால், ஆசைக்கு எழுதிப் பாருங்கள். அதில் பணம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

சாவி பிறக்கும் இடத்திலும் இதே ரேண்டம் தகராறு உண்டு. முகவரியின் தொடக்கத்தில் பூஜ்ஜியங்கள் வரிசையாக வரும்படி 'ஃபேன்சி நம்பர்' முகவரி உருவாக்கித் தரும் புரொஃபானிட்டி என்ற கருவி இருந்தது. அது சாவியை உருவாக்க 32 பிட் விதையிலிருந்து, அதாவது தொடக்க எண்ணிலிருந்து, தொடங்கியது. அதாவது மொத்தமே சுமார் 429 கோடி வாய்ப்புதான். கேட்பதற்குப் பெரிய எண். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அது பொரிகடலை. 2022 செப்டம்பரில் வின்டர்மியூட் என்ற வர்த்தக நிறுவனம் இப்படிப்பட்ட முகவரி ஒன்றால் சுமார் 16 கோடி டாலரை இழந்தது.

சாவியை எங்கே வைப்பது என்பதைப் பற்றி எழுதாத ஆளில்லை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். சாவியைத் திரும்ப உருவாக்கிக்கொள்ள வாலட் தரும் 12 அல்லது 24 சொற்கள் 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை. 12 சொல் என்றால் 128 பிட் ரகசியம். அந்தப் பட்டியல் ஜப்பானிய மொழிக்கு இருக்கிறது, கொரிய மொழிக்கு இருக்கிறது, செக் மொழிக்குக்கூட இருக்கிறது, தமிழுக்கு இல்லை. எனவே அம்மாவிடம் எழுதிக் கொடுத்து வைத்தாலும் ஆங்கிலச் சொல்லாகத்தான் கொடுக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் தடுமாறினால் கவலை வேண்டாம், முதல் நான்கு எழுத்தே சொல்லை அடையாளம் காட்டிவிடும்படி பட்டியலை அமைத்திருக்கிறார்கள். காகிதம் அல்லது உலோகத் தகடு. போட்டோ எடுக்கக் கூடாது, ஏனென்றால் கேலரி தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். நம்பகமான செயலி என்றும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது: 2022 ஆகஸ்டில் சொலானா செயினின் ஸ்லோப் என்ற வாலட், பிழைப்பதிவுக்காகத் தன் சர்வருக்கு அனுப்பிய தகவலோடு பயனர்களின் சொற்களையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான வாலட்டுகள் காலியாகின.

நிரல் எழுதுபவர்களின் சங்கதி தனி. கூட வேலை பார்த்த தம்பி ஒருவனிடம் ஒருமுறை கேட்டேன், கீயை எங்கே வைத்திருக்கிறாய் என்று.

"டாட் என்வ் ஃபைல்ல இருக்குண்ணே. டெஸ்ட்நெட் கீதான், பயப்படாதீங்க."

"மெயின்நெட்டுக்கு வேற கீயா?"

பதில் வரவில்லை. டாட் என்வ் என்பது நிரலின் ரகசியங்களை அப்படியே எழுதி வைக்கும் சாதாரண ஃபைல். டெஸ்ட்நெட் சோதனைக் காசு ஓடும் செயின், மெயின்நெட் நிஜப்பணம் ஓடுவது. ஈதரியம் வகைச் செயின்கள் அனைத்திலும் ஒரு சாவிக்கு ஒரே முகவரிதான். டெஸ்ட்நெட்டில் விளையாடிய சாவியை மெயின்நெட்டில் வைத்தால் அங்கேயும் அது திறக்கும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புதிதாக ஏறும் ஒவ்வொரு ஃபைலையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஏராளம். கமிட்டை (ஏற்றிய பதிவை) அழித்தாலும் பழைய வரலாற்றில் கிடக்கும். சர்வரிலிருந்து கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இருந்தால் சாவியை எச்எஸ்எம் என்ற கருவிக்குள்ளோ, கிளவுடு நிறுவனங்கள் தரும் கேஎம்எஸ் சேவைக்குள்ளோ வைப்பதுதான் முறை. சாவி வெளியே வராது, ஹேஷை உள்ளே கொடுத்தால் கையொப்பம் வெளியே வரும். ஆனால் அந்தப் பெட்டி உள்ளே வரும் ஹேஷ் எதைக் குறிக்கிறது என்று கேட்பதில்லை. உங்கள் சர்வருக்குள் நுழைந்தவன் சாவியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஹேஷை நீட்டினால் போதும்.

பைபிட்டில் நடந்ததன் கரு இதுதான். அங்கே ஏமாந்தவை சர்வர் பெட்டிகள் இல்லை, மனிதர்கள்.

நம் ஊரில் பழைய கதை ஒன்று எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா, பத்திரம் எழுதுபவர் படித்துச் சொல்லக் கேட்டு, மையில் பெருவிரலைத் தோய்த்து வைப்பார். "அடமானம்" என்று படிக்கக் கேட்டது "கிரயம்" என்று எழுதியிருக்கும். கைரேகை அவருடையதுதான், போலி இல்லை. அவர் நம்பியது காகிதத்தை அல்ல, படித்துக் காட்டிய வாயை.

பைபிட்டுக்குப் படித்துக் காட்டிய வாய், சேஃப் என்ற நிறுவனத்தின் இணையப் பக்கம். பலர் சேர்ந்து கையெழுத்திடும் மல்டிசிக் வாலட்டுகளில் உலகிலேயே அதிகம் புழங்குவது அதுதான். சேஃப்பின் நிரலாளர் ஒருவரின் கணினியில் பிப்ரவரித் தொடக்கத்திலேயே தாக்குபவர்கள் நுழைந்துவிட்டார்கள். அங்கிருந்து கிளவுடுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டுகளை எடுத்து, 19-ஆம் தேதி அந்த இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை மாற்றினார்கள். உலகம் முழுக்கப் பலர் அதே பக்கத்தைத் திறந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வந்திருப்பது பைபிட்டின் வாலட் என்றால் மட்டும் வேலை செய்யும்படி அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. திரையில் பழைய, ஒழுங்கான பரிவர்த்தனை தெரியும். ஹார்ட்வேர் வாலட்டுக்குப் போவது வேறு. திருட்டு முடிந்த இரண்டு நிமிடத்தில் நல்ல ஃபைலைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தக் கெட்ட ஃபைல் பதிவாகியிருந்தது, விசாரணைக்கு உதவியது.

போன அந்த "வேறு" என்ன? சேஃப் வாலட்டின் அமைப்பு தெரிந்தால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். பணம் இருக்கும் முகவரியில் உள்ள நிரல் மிகச் சிறியது. "என் விதிகள் இன்ன முகவரியில் இருக்கின்றன, அதன்படி நடக்கிறேன்" என்பதுதான் அதன் சாரம். எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்ற விதியெல்லாம் அந்த இன்னொரு முகவரியில். அந்த முகவரி, வாலட்டின் நினைவகத்தில் பூஜ்ஜியமாவது கட்டத்தில் எழுதியிருக்கும். பரிவர்த்தனையிலும் இரண்டு வகை. 0 என்றால் சாதாரண அழைப்பு: வெளியே இருக்கும் ஒன்றைக் கூப்பிட்டு வேலை சொல்வது. 1 என்றால் டெலிகேட்கால்: வெளியாளை வீட்டுக்குள் கூட்டிவந்து, "என் அதிகாரத்தில் நீயே செய்" என்று பெட்டிச்சாவியைக் கொடுப்பது. பைபிட்காரர்கள் கையெழுத்திட்டதில் 1 இருந்தது. அழைக்கப்பட்ட செயல்பாட்டின் பெயர் என்னவோ அப்பாவியாக 'டிரான்ஸ்ஃபர்'. அது செய்தது பூஜ்ஜியமாவது கட்டத்தில் வேறு முகவரியை எழுதியது. விதிப்புத்தகம் மாறிவிட்டது. புதிய விதிப்புத்தகத்தில் இருந்தது வழித்துத் துடைக்கும் செயல்பாடுகள்தான். அதற்கப்புறம் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

அந்த 1 என்ற எண்ணை யாராவது பார்த்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். ஆனால் ஹார்ட்வேர் வாலட்டின் விரல் நீளத் திரையைக் கற்பனை செய்யுங்கள். இப்படிப்பட்ட சிக்கலான பரிவர்த்தனையை அது பிரித்துப் படித்துக் காட்டாது. 64 எழுத்தில் ஒரு ஹேஷ், இன்னொரு 64 எழுத்தில் மற்றொரு ஹேஷ், பொத்தானை அழுத்தி அழுத்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இதற்குத் துறையில் 'பிளைண்ட் சைனிங்' என்று பெயர். கைநாட்டு என்று நேராகச் சொல்லிவிடலாம்.

இது முதல் முறையும் இல்லை. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் சுமார் 23 கோடி டாலரை இழந்ததும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். ஆறு கையெழுத்தாளர்கள், ஐந்து பேர் வசீர்எக்ஸ், ஒருவர் லிமினல் என்ற பாதுகாவல் நிறுவனம். வசீர்எக்ஸ் தரப்பில் மூன்று பேர் ஹார்ட்வேர் வாலட்டில் கையெழுத்திட, கடைசியாக லிமினல் ஒப்புதல் தரும். பணம் போகக்கூடிய முகவரிகளுக்கு முன்கூட்டியே அனுமதிப் பட்டியலும் இருந்தது. திரையில் தெரிந்ததும் கையெழுத்தானதும் வேறு வேறு என்றது வசீர்எக்ஸ். தங்கள் அமைப்பில் ஊடுருவல் இல்லை என்றது லிமினல். இங்கேயும் பறிபோனது விதிப்புத்தகத்தின் முகவரிதான். அதே ஆண்டு அக்டோபரில் ரேடியன்ட் கேப்பிடல் என்ற கிரிப்டோ கடன் சேவை 5 கோடி டாலரை இழந்த கதையில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு: முதலில் போட்ட கையெழுத்தைக் கணினிக்குள் புகுந்திருந்த மால்வேர் (தீய நிரல்) பிடித்துக்கொண்டு, திரையில் "தோல்வி, மீண்டும் முயலவும்" என்று காட்டியது. மல்டிசிக் புழங்கும் யாருக்கும் அந்தச் செய்தி அன்றாடம் வருவது. யாரும் சந்தேகப்படவில்லை.

மல்டிசிக் வைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை இந்த மூன்றும் சேர்ந்து கொஞ்சம் திருத்துகின்றன. மல்டிசிக் ஒரு சாவி தொலைவதற்கும், ஒருவர் துரோகம் செய்வதற்கும் மருந்து. மூன்று பேரும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூன்று பேரும் ஒரே பொய்யைத்தான் பார்ப்பார்கள். சாவியையே துண்டு துண்டாக்கிப் பல இடத்தில் வைத்துக் கூட்டாகக் கணக்கிடும் எம்பிசி முறைக்கும் இதே வரம்பு உண்டு. அதை விற்கும் நிறுவனங்கள் இதை அடித்துச் சொல்வதில்லை என்பது என் குறை.

அப்படியானால் கையெழுத்திடுபவர் செய்யக்கூடியது என்ன? பரிவர்த்தனையின் விவரங்களை வைத்துத் தனியாக வேறொரு கணினியில், வேறொரு நிரலால் ஹேஷைக் கணக்கிட்டு, ஹார்ட்வேர் வாலட் காட்டும் 64 எழுத்தோடு ஒப்பிடலாம். சேஃப்புக்கு இப்படிக் கணக்கிடும் திறந்த மூலக் கருவிகள் இருக்கின்றன. அலுப்பான வேலை, பத்து நிமிடம் ஆகும். ஆனால் அந்த விவரங்களை அதே இணையப் பக்கத்திலிருந்து எடுத்தால் பலனில்லை. "இன்ன முகவரிக்கு இவ்வளவு ஈதர், வகை 0" என்று நாமாக எழுதிக்கொண்டு அதிலிருந்துதான் ஹேஷ் எடுக்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்திருந்தால் பைபிட்டில் முதல் ஆளே நிறுத்தியிருப்பார். டெலிகேட்காலைத் தடுக்கும் காவல் நிரலைச் சேஃப் வாலட்டிலேயே பொருத்தலாம். பெரிய தொகைக்குச் சில மணி நேரக் காலதாமதம் வைக்கலாம். மொத்தப் பணமும் ஒரே வாலட்டில், ஒரே விதிப்புத்தகத்தின் கீழ் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையெழுத்துக்கென்று தனிக் கணினி, அதில் மெயில் கிடையாது, டெலிகிராம் கிடையாது. ரேடியன்ட்காரர்களின் கணினிக்குள் மால்வேர் வந்தது டெலிகிராமில் வந்த ஒரு ஜிப் ஃபைல் வழியாகத்தான்.

இவ்வளவும் கோடிகளைப் புரட்டுபவர்களுக்கு. சொந்தக் காசை மெட்டாமாஸ்க் போன்ற பிரவுசர் வாலட்டில் வைத்திருப்பவருக்குக் கைநாட்டு வேறு வேஷத்தில் வரும். இலவச டோக்கன் என்று ஒரு தளம், வாலட்டை இணைக்கச் சொல்லும், 'அப்ரூவ்' கேட்கும். அப்ரூவ் என்றால் "என் கணக்கிலிருந்து இவர் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்" என்ற அதிகாரப் பத்திரம். தொகைக் கட்டத்தில் பெரும்பாலும் அளவே இல்லாத எண் இருக்கும். இதிலும் 'பெர்மிட்' என்று ஒரு வகை உண்டு. அதில் கேஸ் கட்டணமே (பரிவர்த்தனைக்காகச் செயினுக்குக் கட்டும் தொகை) கேட்காது, வெறும் கையொப்பம்தான். காசு கேட்காததால் வெறும் லாகின் என்று நினைத்து ஒப்புக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையொப்பத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டணத்தைத் திருடனே கட்டிப் பணத்தை எடுத்துக்கொள்வான். வாலட் திரையில் 'ஸ்பெண்டர்' என்ற சொல் தென்பட்டால் அது லாகின் இல்லை.

வசீர்எக்ஸ் விவகாரம் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயம் 3,532.30 வாங்கிய முதலீட்டாளர் ஒருவர், ஜூலைத் திருட்டுக்குப் பின் கணக்கு முடக்கப்பட்டதால் வழக்குப் போட்டார். திருடு போனவை ஈதரியம் வகை டோக்கன்கள், அவருடைய எக்ஸ்ஆர்பி இல்லை. இருந்தாலும் இழப்பை எல்லாப் பயனர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எக்ஸ்சேஞ்ச் தரப்பு வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை ஒருவர் உடைமையாக அனுபவிக்க முடியும், மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். பதினைந்து மாதம் அவர் தொட முடியாமல் இருந்த அந்த நாணயங்களின் சாவி அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. கையெழுத்திட்ட நால்வரில் அவரும் இல்லை.